தாழி காய நாளாகும்

பச்சை வேட்டி கட்டி, நெல்லை வழியாகத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நெல்லையிலிருந்து ஏறக்குறைய 24 கிலோமீட்டரில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பைக் கடக்கிறார்கள். தாமிரபரணியின் தென்கரையில், 114 ஏக்கர் பரப்பில், தாழி தாழியாகப் புதைந்து கிடக்கும் பழங்காலத்து இடுகாடு அது. 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரியா தோண்டினார். நூறாண்டு கழித்து 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி மண்வெட்டியை எடுத்தது. அப்போது கிடைத்த மாதிரிகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 905, கி.மு. 696 என்ற ஆண்டுகள் வந்தன.

எந்த நூற்றாண்டு என்பதைக் கரி சொல்லிவிடும். எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். அந்தத் தாழியை வனைந்தது ஆள் இறந்த பிறகா, இறப்பதற்கு முன்பா?

இதற்கு மண்ணிடமே பாதி பதில் இருக்கிறது. ஓர் ஆளைக் குந்தவைக்கும் அளவுள்ள தாழியை ஒரே மூச்சில் சக்கரத்தில் எழுப்ப முடியாது. ஈரமண் தன் பாரம் தாங்காமல் சரிந்துவிடும். அடிப்பாகத்தைச் செய்து, அது சற்று இறுகிய பிறகு மேலே மண் வைத்து, தட்டி, மறுபடி இறுகவிட்டு, அதற்கும் மேலே ஏற்ற வேண்டும். பிறகு காயவிட வேண்டும். களிமண் என்பது நுண்ணிய தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கு நடுவே நீர் நிற்கிறது. நீர் வெளியேற வெளியேறத் தகடுகள் நெருங்கி, பாண்டம் சுருங்கும். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் வெளிப்புறம் சுருங்கிவிடும், உள்ளே ஈரம் நிற்கும், விரிசல் விழும். ஈரம் மிச்சமிருக்கச் சூளையில் ஏற்றினாலோ நீர் ஆவியாகிப் பாண்டத்தையே உடைத்துக்கொண்டு வரும். சூளைக்குள்ளும் அவசரம் ஆகாது. 573 டிகிரி செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் சட்டென்று விரியும். சூடு சீராக ஏறாவிட்டால் அங்கேயும் கீறல் காணும். சுவர் தடிக்கத் தடிக்க இத்தனை காத்திருப்பும் நீளும். நிழலில் உலர்த்தும் நாட்களையும் சேர்த்தால், பெரிய தாழி ஒன்று இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

குழியும் அப்படித்தான். பரம்பில் மேலே சரளை, கீழே பாறை. பாறையைக் குடைந்து தாழிக்கு இடம் செய்திருக்கிறார்கள் என்று ரியா எழுதினார். நெல் விளையும் ஆற்றுப்படுகையை விட்டுவிட்டு, விளையாத மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கிய புத்தியை நான் மெச்சுகிறேன். ஆனால் அதற்குக் கைவலி கொடுத்தாக வேண்டும்.

நெல்லைச் சீமையின் வெக்கையில் உடலோ ஒரு நாள் தாங்காது. ஆகவே இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: தாழி முன்பே தயாராக இருந்திருக்கும், இல்லாவிட்டால் உடலை வேறிடத்தில் விட்டு, பிறகு எலும்பைப் பொறுக்கித் தாழியில் இட்டிருப்பார்கள். ஆதிச்சநல்லூரில் முழு உடலோடு வைத்த தாழிகளும் உண்டு, எலும்பு மட்டும் இட்ட தாழிகளும் உண்டு. முழு உடல் இருக்கும் தாழிகளில் பலவற்றை யாரோ சாவுக்கு முன்பே கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். குயவர்களே செய்து இருப்பு வைத்திருந்தாலும், கணக்கு சாவுக்கு முந்தியதுதான்.

இலக்கியச் சான்று ஒன்றும் இருக்கிறது. புறநானூற்றின் 256ஆம் பாடலில், துணையை இழந்த பெண் குயவரிடம் பேசுகிறாள். தானும் உடன் அடங்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். உயிரோடு இருக்கும் ஒருத்தி தன் ஈமத்துக்குத் தானே அளவு கொடுக்கிறாள். தமிழில் இதைவிடப் பழைய முன்னேற்பாடு ஒன்றை நான் அறியேன்.

விலை என்ன கொடுத்தார்கள் என்பதற்கு எழுத்து இல்லை. ரோமானியரிடம் இருக்கிறது. லானுவியம் என்ற ஊரில் கி.பி. 136இல் கூடிய சங்கத்தின் விதிகள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. சேரும்போது 100 செஸ்டர்ஸ் காசும் ஒரு சாடி நல்ல மதுவும். மாதம் 5 ஆஸ் சந்தா. இறந்தால் ஈமச்செலவுக்கு 300 செஸ்டர்ஸ். நம் ஊர்க் கிழவிகள் ‘என்னை எடுத்துப் போட’ என்று காதுக் கம்மலைக் காட்டிச் சொல்வதும் இதே கணக்குதான், சங்கமும் கல்வெட்டும் இல்லாமல். பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்ற அந்தக் கவலை என்னை எப்போதும் உருக்கும்.

ஆதிச்சநல்லூரில் செலவு பொருளாகக் கிடக்கிறது: மெல்லிய பொற்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள். ரியாவுக்குக் கிடைத்த இரும்பு வேல்களையும் வெண்கலச் சேவல்களையும் முருக வழிபாட்டோடு சேர்த்துப் பார்த்த அறிஞர்கள் உண்டு. செந்தூர் போகிற வழியில் அது கிடைத்தது எனக்குத் தனி மகிழ்ச்சி. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலம் வந்தது. விதைநெல்லோ உணவோ, உயிரோடிருந்தவர்கள் தங்கள் குதிரிலிருந்து அளந்து கொடுத்தது.

2023 முதல் பரம்பிலேயே கண்ணாடித் தரைக்குக் கீழே தாழிகளை இருந்த இடத்தில் பார்க்கலாம். பெரிய பானை செய்து பழகிய வேளார் ஒருவரைக் கூட அழைத்துப் போக வேண்டும் என்பது என் ஆசை. சுவரின் தடிப்பைப் பார்த்ததும் எத்தனை நாள் உலர்ந்திருக்கும், எவ்வளவு விறகு போயிருக்கும், எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள் என்று அவர் சொல்வார். அந்தக் கணக்கும் அகழாய்வு அறிக்கையில் ஏற வேண்டும்.