கோபுரத்தின் காலடியில்

கானடா தேசத்து டொரான்டோ நகரில் நமது பழைய மாணாக்கர் ஒருவர் இஞ்சினீயராக உத்தியோகம் பார்க்கிறார். "ஸார், இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஸி.என். கோபுரத்தில் ஏறாமல் போவதா?" என்று அவர் வற்புறுத்தவே, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு லிப்டில் ஏறினோம். 58 விநாடி! நம் வகுப்பில் ஆஜர்ப் பட்டியலைப் பாதி வாசித்து முடிப்பதற்குள் 346 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தோம். கோபுரத்தின் முழு உயரமோ 553 மீட்டர்.

தெற்கே ஒன்டாரியோ ஏரி கடலைப்போல் பரந்து கிடக்கிறது. மேலே வருபவர் அனைவரும் அதைத்தான் பார்த்து வியக்கிறார்கள். நம் கண்களோ நேர் கீழே சென்றன. வானளாவிய கண்ணாடி மாளிகைகளுக்கு நடுவே, பிறைச் சந்திரனை வெட்டி வைத்தாற்போல் செங்கல் கட்டிடம் ஒன்று தெரிந்தது. அதன் நடுவில் வட்டமாக ஒரு மேடை.

"அதுதான் ஸார், ஜான் தெரு லோகோ ஷெட்" என்றார் மாணாக்கர்.

கானடியன் பஸிபிக் ரயில்வேயார் 1929-லிருந்து 1931-க்குள் கட்டிய ஷெட் அது. 32 எஞ்சின்கள் நிற்க அதில் இடமுண்டு. நீராவி எஞ்சினுக்குச் செய்ய வேண்டிய உபசாரங்கள் கொஞ்சமல்ல. சாம்பலை வாரவேண்டும், கரியும் நீரும் நிரப்பவேண்டும், கொதிகலனைக் கழுவவேண்டும், எண்ணெய் இடவேண்டும். பிரயாணத்தை முடித்து வந்த எஞ்சினை 120 அடி நீளமுள்ள சுழல்மேடையில் நிறுத்தித் திருப்பி, அதற்குரிய அறைக்குள் அனுப்புவார்கள். இரவும் பகலும் அங்கே மனிதர்கள் கரிபடிந்த கைகளுடன் உழைத்தார்கள்.

அந்நகரில் முதல் ரயில் ஓடியது 1853-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி. பம்பாயிலிருந்து தாணாவுக்கு நம் தேசத்தின் முதல் பிரயாணி ரயில் புறப்பட்டதற்குச் சரியாக ஒரு மாதம் பிந்தி! பிறகு ஏரியைத் தூர்த்துத் தூர்த்து நிலமாக்கி, அதன்மேல் தண்டவாளங்களைப் பரப்பினார்கள். ஒரு காலத்தில் கரையோரமாயிருந்த பிரண்ட் தெரு இன்று ஏரியை விட்டு வெகுதூரம் விலகி நிற்கிறது.

இவ்வளவு பெரிய ரயில் முற்றம் எங்கே மறைந்தது? 1960 வாக்கில் நீராவிக்கு விடைகொடுத்து டீஸல் எஞ்சின்கள் வந்தன. அவற்றுக்கு அத்தனை உபசாரம் தேவையில்லை. சரக்கு வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலையும் நகர்ப்புறத்துக்கு மாறிற்று. கானடியன் பஸிபிக்காரர் 1964-ல் ஸ்கார்பரோவின் அஜின்கோர்ட்டில் புது யார்டு திறந்தனர். அந்த வட்டாரத்தில் இன்று நம் தமிழ் மக்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். நம் மாணாக்கர் வீடும் அங்கேதான். வாகன்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை இரவில் அவர் காதில் விழுகிறதாம்.

நாம் நின்ற கோபுரத்தை எழுப்பியதும் ஒரு ரயில்வேதான் என்பது வேடிக்கை. கானடியன் நேஷனல் ரயில்வே 1973-ல் வேலையைத் தொடங்கி 1976-ல் அதைத் திறந்தது. ரயில்வேக்கள் முதலில் போட்ட திட்டப்படி, 1927-ல் திறக்கப்பட்ட யூனியன் ஸ்டேஷனையே இடித்திருக்கவேண்டும். ஜனங்கள் ஆட்சேபித்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. கோபுரம் எழுந்தது, ஸ்டேஷனும் பிழைத்தது.

எல்லாக் கட்டிடங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. மேற்கே ஒரு பெரிய விளையாட்டரங்கு தெரிகிறதல்லவா? கானடியன் நேஷனலின் ஸ்பதைனா லோகோ ஷெட் இருந்த இடம் அது. 1986-ல் அந்த ஷெட்டை இடித்தார்கள். 1989-ல் அரங்கு திறந்தது. ஜான் தெரு ஷெட்டும் அதே 1986-ல்தான் மூடப்பட்டது. ஆனால் 1990-ல் அதைத் தேசியச் சரித்திரச் சின்னமாக அறிவித்துக் காப்பாற்றினார்கள். இன்று அதில் ஒரு ரயில்வே மியூஸியம் இருக்கிறது. ஒரு பீர் தொழிற்சாலையும் இருக்கிறது! மதுவிலக்கில் பற்றுள்ள நமக்கு இது சற்றுச் சங்கடந்தான். ஆயினும் சுவர் நிற்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

"தினமும் இந்த வழியாகத்தான் ரயிலில் போகிறேன், ஸார். ஒரு நாளாவது இறங்கிப் பார்த்ததில்லை" என்றார் மாணாக்கர், சற்று வெட்கத்துடன்.

அவரைக் கடிந்துகொள்ள நமக்கு என்ன யோக்கியதை? 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் சென்னையில் இன்னும் நிற்கிறது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு தடவைகூட நாம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றதில்லை.

கீழே இறங்கிச் சுழல்மேடை அருகில் சென்றோம். 1942-ல் செய்த 6213-ஆம் நம்பர் நீராவி எஞ்சின் கறுத்த மேனியுடன் அங்கே வீற்றிருக்கிறது. அதன் சக்கரம் நம் தலைக்குச் சமமாக நின்றது. மாணாக்கர் அதன் இரும்பை மெல்லத் தொட்டுப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம் குழந்தைகளை அழைத்து வருவதாகச் சொன்னார். ஊர் திரும்பியதும் நம் வகுப்பை ராயபுரத்துக்கு அழைத்துப் போவதென்று நாமும் தீர்மானித்துக்கொண்டோம்.