மெல்லக் கேட்டால் பக்கத்தில்

பேய்ப்படம் ஒன்றை வீட்டில் பார்த்து முடித்த ரசிகர், ரிமோட்டைக் கீழே வைத்தபடி சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடும். “சவுண்டு மட்டும்தான்.” “முதல் பாதி ஓகே, பிளாஷ்பேக் வந்ததும் போச்சு.” “பயமே இல்லப்பா.” இப்படிப் போகிறபோக்கில் சொல்வதை யாரும் விமர்சனக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் வாதம். பேய்ப்படத்தின் தரத்தைப் பார்க்க வீட்டுக் கூடத்தைவிடக் கண்டிப்பான இடம் வேறு கிடையாது. அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும், நடுவில் கைப்பேசி சிணுங்கும், கீழே யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்குவார்கள். பயம் வந்தால் நிறுத்திவிடக் கையிலேயே பொத்தானும் இருக்கும். இத்தனையையும் தாண்டி ஒரு படம் நம் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது என்றால், அந்தப் பயம் படத்துக்குள்ளிருந்தே வந்திருக்க வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் பரீட்சை பல தலைமுறையாக நடந்துவருகிறது. மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28 அன்று. பிறகு வீடியோ கேசட் வந்தது, விசிடி வந்தது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பூ, புடவை, பலகாரக் கடைகளுக்கு நடுவே படம் விற்கும் கடைகளும் இருந்தன. 1996இல் அஸ்ட்ரோவும், 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸும் வந்தன. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து திரையரங்குகள் அடைபட்டபோது, வீட்டுக் கூடமே ஒரே அரங்கம் என்றானது. அந்தக் கூடத்தில் உட்காரும் தமிழர் தமிழ்ப் படத்தோடு நிற்பதில்லை. மலாய், இந்தோனேசியா, தாய்லாந்து, கொரியப் பேய்களையும் பார்க்கிறார். மலாய் எழுத்துகளைக் கீழே படித்தபடியே பயப்படவும் பழகியிருக்கிறார். வீட்டுக்கு வெளியேயும் அப்படித்தான். சாலையோர மரத்தடியில் சுருட்டுப் படையலோடு முனீஸ்வரர் காவல் இருக்கிறார். சீனர்களின் ஏழாம் மாதத்தில் தெருமுனை மேடைக்கு முன்னால், ஆவிகள் வந்து அமர்வதற்கென்று முதல் வரிசை நாற்காலிகள் காலியாக விடப்படுகின்றன. மலாய்க்கார அண்டை வீட்டாருக்கு வாழைமரத்தடிப் பெண்பேயான பொந்தியானாக்கைத் தெரியும். இத்தனை வகைப் பயத்தோடு வாழ்பவர் “பயமே இல்லப்பா” என்று சொன்னால் அதில் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம் இருக்கிறது.

“சவுண்டு மட்டும்தான்” என்ற தீர்ப்பையே முதலில் எடுத்துக்கொள்வோம். திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. பின்னால் பட்டாசு வெடித்தால் தோள் குலுங்குகிறது, கண் மூடிக்கொள்கிறது. அது உடம்பின் அனிச்சைச் செயல், கைக்குழந்தைக்கும் உண்டு. பயம் அப்படி ஒரே நொடியில் வருவதில்லை. ‘ஏதோ சரியில்லை’ என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிய பிறகு வருவது அது. திரையரங்குக்கான ஒலியமைப்பில் முன்பக்க ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் உச்சத்தில் 105 டெசிபெல் வரை போக இடம் உண்டு. சாதாரணப் பேச்சு 60 டெசிபெல் அளவு. பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இருமடங்காகத் தோன்றும் என்பதால், அரங்கில் எழும் அந்த ஒற்றை இடி யாரையும் தூக்கிப்போடும். பக்கத்து வீட்டுக்காரரை நினைத்து ஒலியைக் குறைத்து வைக்கும் அடுக்குமாடி வீட்டில் அந்த இடி வெறும் தட்டல். அதை மட்டும் நம்பி எடுத்த படம் அங்கே வெறுங்கையோடு நிற்கிறது. திடுக்கிட வைப்பதே தவறு என்று சொல்லவில்லை. 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் இரவுத் தெருவில் ஒரு பெண் தனியே நடக்கிறாள். பின்னால் கேட்ட காலடி ஓசை திடீரென நின்றுவிடுகிறது. அவள் நடையை எட்டிப் போடுகிறாள். சட்டென்று சீறியபடி ஒரு பேருந்து வந்து நிற்கிறது. அந்தச் சீறலுக்கு நாம் துள்ளுவது அதற்கு முன்பிருந்த அமைதியால்தான். அமைதியைக் கட்டத் தெரிந்தவருக்குத்தான் அதை உடைக்கவும் உரிமை உண்டு.

வீட்டில் பார்க்கும்போது வலு கூடும் தமிழ்ப் படத்துக்கு, விக்ரம் குமார் இயக்கி 2009இல் வெளிவந்த ‘யாவரும் நலம்’ நல்ல சான்று. மாதவன் நடித்த மனோகர், கூட்டுக் குடும்பத்தோடு 13பி என்ற புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவருகிறான். பால் திரிந்துபோகிறது. மற்றவர்களுக்கு இயங்கும் லிஃப்ட் அவன் தனியாக ஏறினால் நகர மறுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் நாய் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டேன் என்கிறது. பகல் ஒரு மணிக்குப் பெண்கள் பார்க்கும் தொடரில், இவர்களைப் போலவே ஒரு குடும்பம் புது வீட்டுக்கு வருகிறது. அங்கே நடப்பது இங்கேயும் நடக்கத் தொடங்குகிறது. நட்ட நடுப்பகல், வெளிச்சமான கூடம், சோபாவில் உட்கார்ந்து தொடர் பார்க்கும் அம்மா: தமிழ்க் குடும்பத்தில் இதைவிடப் பாதுகாப்பான காட்சி எது? அதையே இயக்குநர் பயத்தின் வாசலாக்கிவிடுகிறார். அரங்கில் பார்த்தவர் படம் முடிந்ததும் அந்த வீட்டை விட்டு எழுந்து போய்விடலாம். வீட்டில் பார்த்தவருக்கு எழுந்து போக இடமில்லை; படத்தில் குற்றவாளியாக நின்ற தொலைக்காட்சியை அவரே அணைத்தாக வேண்டும். சபிக்கப்பட்ட வீடியோ கேசட்டைப் பற்றிய ‘ரிங்’ என்ற ஜப்பானியப் படம் 1998இல் வெளிவந்து உலகம் முழுக்கப் பரவியதற்கும், அந்தக் கதை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடியை வாசலாக ஆக்கிக்கொண்டது ஒரு முக்கியக் காரணம்.

இந்தோனேசியாவின் ஜோகோ அன்வார் 2017இல் எடுத்த ‘பெங்காப்டி சேத்தான்’ படத்தில் பயத்துக்கு ஒரு சின்னக் கைமணி போதுமாக இருக்கிறது. நோயில் படுத்துவிட்ட தாய்க்குக் குரல் எழும்பவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும் என்றால் அந்த மணியை ஆட்டுவாள். அவள் இறந்து அடக்கமும் முடிந்த பிறகு, ஓர் இரவு அதே மணி ஒலிக்கிறது. இதற்குப் பெரிய ஒலிபெருக்கி எதற்கு? ஒலியைக் குறைக்கக் குறைக்க, அது படத்தில் ஒலித்ததா வீட்டுக்குள் எங்கோ ஒலித்ததா என்ற ஐயம்தான் கூடும். நோயாளியைப் பார்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு அந்த மணியில் இன்னொன்றும் கேட்கும்: கூப்பிட்டபோது உடனே போனோமா என்ற கேள்வி. நல்ல பேய்ப்படம் இப்படி வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் தொட்டு எழுப்புகிறது. புதிதாக ஒரு பூதத்தை இறக்குமதி செய்ய வேண்டிய தேவை அதற்கில்லை.

பயம் என்பது நம்பிக்கையைப் பொறுத்தது, பேயை நம்புகிறவர் எதைக் காட்டினாலும் பயப்படுவார், நம்பாதவர் எதற்கும் அசைய மாட்டார் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் ஒரு சமூகத்தின் பேய் மற்றொரு சமூகத்தைத் தொடவே கூடாது. இந்த மண்ணின் திரை வரலாறு வேறு கதை சொல்கிறது. 1957 ஏப்ரலில் சிங்கப்பூரில் கத்தே–கெரிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பொந்தியானாக்’, மலாய்ப் பேய்ப்படங்களுக்கு வழி திறந்த படம்; மரியா மெனாடோ நாயகி. அதை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். 1939இல் தமிழில் ‘ரம்பையின் காதல்’ படத்தை இயக்கியவர். பிரசவத்தில் இறந்த பெண் பேயாகத் திரும்புவாள் என்பது மலாய் நம்பிக்கை. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்பதும், வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் பாரத்தை இறக்கிவைக்கத்தான். நம்பிக்கைகள் வேறானாலும் அவற்றின் அடியில் இருக்கும் துக்கம் ஒன்றே: பிள்ளை பெறப் போனவள் திரும்பி வரவில்லை. அந்தத் துக்கத்தைத் தொட்ட படம் மொழியைத் தாண்டும். ‘ஷட்டர்’ என்ற 2004ஆம் ஆண்டுத் தாய்லாந்துப் படம் 2007இல் தமிழில் ‘சிவி’ ஆனதும் இப்படித்தான். ஒரு பெண்ணுக்கு இழைத்த அநீதி சுமையாகத் தோளில் ஏறிக்கொள்ளும் என்பதைப் புரிந்துகொள்ள யாருக்கும் தாய்லாந்தின் நம்பிக்கை தேவைப்படவில்லை.

அடுத்த மறுப்பு கனமானது. சினிமா பெரிய திரைக்காக, இருட்டுக்காக, கூட்டத்துக்காக எடுக்கப்படுவது. அதைச் சின்னத் திரையில் அரைக்கவனத்தோடு பார்த்துவிட்டுக் குறை சொல்வது நியாயமா? ஓரளவு நியாயமில்லைதான். அறிவழகனின் ‘ஈரம்’ தண்ணீரையே ஆவியாக நடக்கவைத்த படம். அதன் நீரோசையும் மழைச் சாம்பலான நிறமும் அரங்கில் கிடைக்கும் அளவுக்கு வீட்டில் கிடைக்காது. நூறு பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்திருக்கும் அமைதிக்கும் வீட்டில் மாற்று இல்லை. ஆனால் வீட்டில் எவ்வளவு குறைந்தது என்பதோடு, எவ்வளவு மிஞ்சியது என்றும் கேட்க வேண்டும். ‘ஈரம்’ பார்த்த பிறகு குளியலறைக் கதவின் கீழே தண்ணீர் வழிந்தால் ஒரு கணம் கால் தயங்குகிறதே, அது மிச்சம். மீன்குழம்பு மறுநாள்தான் ஊறி ருசிக்கும் என்பார்கள். பேய்ப்படத்துக்கும் மறுநாள் ருசி உண்டு. அதை வீடுதான் அறியும்.

குடும்பத்தோடு வீட்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ போன்ற சத்தமான, சிரிப்பான படங்களைத்தானே என்றும் கேட்கலாம். உண்மை. பாட்டியும் பேரனும் சேர்ந்து சிரிக்க ஒரு பேய் கிடைப்பது நல்ல விஷயம். 2011இல் ‘காஞ்சனா’ ஒரு திருநங்கையின் துயரத்தை வெகுமக்கள் படத்தின் நடுவே வைத்தது. அதற்குரிய மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அவற்றை ரசிகர்களே ‘காமெடிப் பேய்’ என்று தனியாகப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். பேய் ஏன் வந்தது என்பதைப் பாட்டோடும் சண்டையோடும் நீண்ட பிளாஷ்பேக்கில் விளக்கிவிட்டால், புரியாமை போய்விடுகிறது. புரியாமை போனதும் பயமும் போய்விடுகிறது. அதன் பிறகு இருப்பது பழிவாங்கும் கதை. “பிளாஷ்பேக் வந்ததும் போச்சு” என்ற அந்த ஒற்றை வரி, தமிழ்ப் பேய்ப்படத்தின் பெரிய பலவீனத்தைச் சரியாகத் தொட்டுவிடுகிறது.

இந்தத் தீர்ப்புகளுக்கு யாரைவிடவும் செவிகொடுக்க வேண்டியவர்கள், சிறிய முதலீட்டில் தமிழ்ப் படம் எடுக்கும் மலேசியக் கலைஞர்கள். எமிர் எஸ்வான் இயக்கிய ‘ரோ’ என்ற மலாய்ப் படம் ஏறக்குறைய 360,000 ரிங்கிட்டில் எடுக்கப்பட்டு, ஆஸ்கார் போட்டிக்கு மலேசியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. காட்டுக்குள் ஒரு குடிசை, ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், மண் அப்பிய உடம்போடு வந்து நிற்கும் ஒரு சிறுமி. பணம் செய்ய முடியாததை அங்கே பொறுமை செய்கிறது. தோட்டத்து லயத்து வீடுகள், இரயில்வே குவார்ட்டர்ஸ், மின்தூக்கி பழுதாகிக் கிடக்கும் அடுக்குமாடிகள் என்று நம்மிடம் உள்ள வீடுகளுக்கும் அவற்றில் மிஞ்சியிருக்கும் துக்கங்களுக்கும் குறைவில்லை. பொந்தியானாக்கைப் பற்றி மலாய்க்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: அவள் அழுகை பெரிதாகக் கேட்டால் அவள் தூரத்தில் இருக்கிறாள், பயப்பட வேண்டாம், மெல்லக் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டாள். ஒலியைப் பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டு படம் பார்க்கும் ரசிகர், அந்த மெல்லிய சத்தத்துக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.