துணையின் குழந்தை யார் கணக்கில்?

அமெரிக்காவில் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் சேர்ந்து வாழும் ஒரு ஜோடி. அந்தப் பெண்ணுக்கு முந்தைய உறவில் பிறந்த ஆறு வயதுக் குழந்தை ஒன்று. வீட்டு வாடகை, மளிகை, குழந்தையின் பல் டாக்டர் பில் எல்லாம் கட்டுவது ஆண்தான். ஏப்ரல் 15 நெருங்கும்போது கேள்வி வருகிறது: அந்தக் குழந்தையை அவர் தன் வரி ரிட்டர்னில் டிபெண்டன்ட் என்று காட்டலாமா?

காட்டலாம், ஆனால்... என்றுதான் பதில். அந்த 'ஆனால்' எவ்வளவு நீளம் என்று பார்க்கத்தான் வரிச் சட்டத்தின் 152ஆம் பிரிவை எடுத்துப் படித்தேன். என்னைப் போல கோட் எழுதுகிறவர்களுக்கு அது ஒன்றும் அந்நியமாக இருக்காது. இரண்டு ஃபங்ஷன்கள், ஒன்று தோற்றால் அடுத்தது, நடுவில் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும் ஒரு சிக்கல். அவ்வளவுதான்.

முதல் ஃபங்ஷன் பெயர் 'தகுதிபெறும் குழந்தை'. 2004ல் வந்த ஒரு சட்டம் பல சலுகைகளுக்கும் பொதுவாக இந்த வரையறையைக் கொண்டுவந்தது. அது முதலில் உறவைத்தான் பார்க்கிறது. பெற்ற பிள்ளை, தத்துப் பிள்ளை, மாற்றான் பிள்ளை, கூடப் பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் உள்ளே. மாற்றான் பிள்ளை என்றால் நீங்கள் அதன் தாயையோ தகப்பனையோ சட்டப்படி கல்யாணம் செய்திருக்க வேண்டும். பத்து வருஷம் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தாலும் கல்யாணம் இல்லையென்றால் அந்தக் குழந்தை உங்களுக்கு யாரோ. வளர்ப்புக் குழந்தை என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. அதற்கு நீதிமன்றமோ அங்கீகாரம் பெற்ற அமைப்போ குழந்தையை உங்களிடம் ஒப்படைத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. கல்யாணத்தால் வந்த உறவு விவாகரத்தாலோ மரணத்தாலோ முறிவதில்லை என்கிறது ஐ.ஆர்.எஸ். ஆக, ஒரு வருஷம் மட்டும் புருஷனாக இருந்து பிரிந்துபோனவருக்கு அந்தக் குழந்தை எப்போதும் சொந்தம். தினமும் சோறு போடுகிறவருக்குச் சொந்தமில்லை.

சரி, இரண்டாவது ஃபங்ஷன்: 'தகுதிபெறும் உறவினர்'. பெயர்தான் உறவினர், உறவே இல்லாதவர்களும் இதில் வரலாம். குழந்தை வருஷம் முழுக்க உங்கள் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். முதல் ஃபங்ஷனுக்குப் பாதி வருஷத்துக்கு மேல் இருந்தாலே போதும், இங்கே ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. பிப்ரவரியில் குடிவந்தார்கள் என்றால் அந்த வருஷம் போச்சு. (பள்ளி, ஆஸ்பத்திரி என்று தற்காலிகமாகப் போய்வந்தால் பரவாயில்லை.) குழந்தையின் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் செய்திருக்க வேண்டும். அதற்கு 5,200 டாலரோ அதற்கு மேலோ வருமானம் இருக்கக் கூடாது (2025 கணக்கு). ஆறு வயதுக் குழந்தைக்கு அது பிரச்சினை இல்லை.

கடைசி நிபந்தனையில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டுகிறார்கள். அந்தக் குழந்தை வேறு எந்த வரி செலுத்துபவருக்கும் 'தகுதிபெறும் குழந்தை'யாக இருக்கக் கூடாது. ஆனால் அம்மா கூடவே இருக்கிறாரே! அவருக்கு அது பெற்ற பிள்ளை. செலவெல்லாம் நீங்கள் செய்தாலும் முதல் ஃபங்ஷன் அதைக் கேட்பதில்லை. குழந்தை தன் செலவில் பாதிக்கு மேல் தானே சம்பாதித்துப் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் போதும். அப்படியென்றால் இந்தக் கதவு யாருக்குமே திறக்காதே?

2008ல் ஐ.ஆர்.எஸ். ஒரு அறிவிப்பில் இதற்கு ஒரு பேட்ச் போட்டது. அம்மா ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயம் இல்லாதவராக இருந்து, ரிட்டர்ன் போடாமல் இருந்தாலோ, சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்ப வாங்குவதற்காக மட்டும் போட்டாலோ, அவரை 'வரி செலுத்துபவர்' என்று எண்ண வேண்டியதில்லை. அப்போது நீங்கள் காட்டலாம். அவர் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டிய அளவு சம்பாதித்தால் முடியாது. "நான் காட்டவில்லை, நீ காட்டிக்கோ" என்று அவர் விட்டுக்கொடுத்தாலும் முடியாது. 

இவ்வளவையும் தாண்டி வந்தால் கிடைப்பது 500 டாலர் க்ரெடிட். கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார்கள், வரியே இல்லையென்றால் கைக்கு வராது. 2,200 டாலர் குழந்தை க்ரெடிட் கிடையாது. 'குடும்பத் தலைவர்' என்ற சலுகை வகையும் கிடையாது.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். 2025ல் ஆணுக்கு 60,000 டாலர் சம்பளம், பெண்ணுக்கு வருமானமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். தனி நபருக்கான 15,750 கழித்தால் வரி சுமார் 5,070. குழந்தைக்கு 500, அதே நிபந்தனைகளில் அந்தப் பெண்ணுக்கும் 500. மீதி 4,070. இதே ஜோடி டிசம்பர் 31க்குள் ரெஜிஸ்டர் ஆபீஸ் போய்வந்திருந்தால் முழு வருஷமும் தம்பதி. 31,500 கழிந்து, குழந்தை க்ரெடிட்டும் போய், வரி சுமார் 740தான். கல்யாணத்தின் மதிப்பு 3,330 டாலர்.

அடுத்து, அந்தப் பெண் பகுதி நேர வேலையில் 14,000 சம்பாதிக்கிறார் என்று ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். ரிட்டர்ன் போடும் கட்டாயம் அவருக்கு இல்லை. சும்மா இருந்துவிட்டால் ஆண் குழந்தையைக் காட்டி 500 வாங்கலாம். ஆனால் பெண்ணே குழந்தையைக் காட்டி ரிட்டர்ன் போட்டால், குறைந்த சம்பளக்காரர்களுக்கான ஈ.ஐ.டி.சி. 4,328, குழந்தை க்ரெடிட்டில் கைக்கு வரும் பகுதி 1,700, ஆக 6,028 டாலர் பணமாகவே வரும்! 500ஐப் பிடிக்கப் போய் ஆறாயிரத்தை விடும் வீடுகள் இப்படித்தான் உருவாகின்றன. "யார் செலவு செய்கிறாரோ அவர்தான் காட்ட வேண்டும்" என்ற நினைப்புதான் காரணம். நியாயமான நினைப்புதான், சட்டம் அப்படி எழுதப்படவில்லை.

இந்த இரண்டாவது ஜோடி கல்யாணம் செய்துகொண்டால்? கூட்டு வருமானம் 74,000. ஈ.ஐ.டி.சி. வரம்பைத் தாண்டிவிடும். வரி சுமார் 2,420. தனித்தனியாக இருந்தபோது ஆண் கட்டிய 5,070ஐவிடப் பெண்ணுக்கு வந்தது அதிகம், அதாவது வீட்டுக்கு 960 டாலர் லாபம். கல்யாணத்தால் நஷ்டம் சுமார் 3,380. முதல் ஜோடிக்குக் கிடைத்த அதே அளவு தொகை இங்கே கையைவிட்டுப் போகிறது. நானே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

சேர்ந்து வாழும் துணையைக் காட்டுவதில் இன்னொரு பழைய முள் உண்டு. அலபாமாவில் இன்னொருவர் மனைவியோடு வாழ்ந்த ஒருவர் அவரைத் தன் டிபெண்டன்ட் என்று காட்ட, 1957ல் வரி நீதிமன்றம் மறுத்தது. அடுத்த வருஷமே காங்கிரஸ், உள்ளூர் சட்டத்துக்கு விரோதமான உறவில் இருப்பவரைக் காட்ட முடியாது என்று எழுதிவைத்தது. இன்றும் அந்த வரி அங்கேயே இருக்கிறது. சேர்ந்து வாழ்வதைக் குற்றமாக்கிய 1931ஆம் வருஷச் சட்டத்தை மிச்சிகன் 2023ல்தான் நீக்கியது. நீக்கச் சொன்னவர்கள் வைத்த வாதங்களில் இந்த டிபெண்டன்ட் விவகாரமும் ஒன்று. மிசிசிப்பியில் அப்படி ஒரு சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. விதி பார்ப்பது காட்டப்படுகிறவருக்கும் காட்டுகிறவருக்கும் உள்ள உறவை. அதனால் அடி விழுவது துணைக்கான 500 மேல், குழந்தைக்கான 500 மேல் அல்ல.

காட்டுவதென்று முடிவு செய்தால், குழந்தை அந்த முகவரியில் இருந்ததற்கு ஸ்கூல் கடிதமோ டாக்டர் ரெக்கார்டோ, செலவுக்கு வாடகை ரசீதும் பேங்க் ஸ்டேட்மென்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விதிகளைப் பொருட்படுத்தாமல் இந்த க்ரெடிட்டைக் கேட்டதாக ஐ.ஆர்.எஸ். முடிவு செய்தால் அடுத்த 2 வருஷம் அதைக் கேட்க முடியாது. மோசடி என்றால் 10 வருஷம்.