விளம்பரம் எழுதும் இயந்திரம்: விற்பனை கூடுகிறதா?

2021 தீபாவளி சமயம். கேட்பரி விளம்பரத்தில் ஷாருக்கான் வந்து, துணிக்கடை, செருப்புக்கடை, மளிகைக்கடை என்று பார்ப்பவரின் பகுதியில் உள்ள கடைகளைப் பெயர் சொல்லி, அங்கே போய் வாங்கச் சொன்னார். ஊருக்கு ஊர் கடைப்பெயர் மாறியது. அத்தனை பெயர்களையும் அவர் கேமரா முன் நின்று சொல்லவில்லை. அவருடைய முகத்தையும் குரலையும் கற்றுக்கொண்ட ஏ.ஐ. மென்பொருள் சொல்ல வைத்தது. கொரோனாவில் நொடித்துப்போன சிறு கடைக்காரர்கள், தங்கள் கடைக்கும் அப்படியொரு விளம்பரத்தை இணையதளத்தில் தாங்களே உருவாக்கிக்கொள்ள முடிந்தது. ஷாருக்கானை வைத்து விளம்பரம் எடுப்பது அவர்கள் கனவிலும் நினைக்காத காரியம்.

ஏ.ஐ. நிஜமாகவே சாதிக்கும் இடம் இதுதான். ஒரே விளம்பரத்தை நூற்றுக்கணக்கான வடிவங்களில் தருவது மனித உழைப்பில் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த யோசனை இயந்திரத்துக்குத் தோன்றியதல்ல. ஓகில்வி என்ற விளம்பர நிறுவனத்தின் மனிதர்களுக்குத் தோன்றியது.

செலவும் குறைகிறது. ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம், விளம்பரப் படங்கள் தயாரிக்க ஆறு வாரம் பிடித்தது ஏழு நாளாகக் குறைந்துவிட்டதாக 2024இல் அறிவித்தது.

வரவு கூடுகிறதா என்பதுதான் சிக்கலான கேள்வி. அமெரிக்காவின் ஜேபி மார்கன் சேஸ் வங்கி, பெர்சாடோ என்ற நிறுவனத்தின் ஏ.ஐ.யிடம் விளம்பர வாசகங்களை எழுதி வாங்கிப் பார்த்தது. சில விளம்பரங்களில் கிளிக்குகள் 450 சதவீதம் வரை கூடியதாக 2019இல் செய்தி வந்தது. பிரமிப்பான எண்தான். ஆனால் கிளிக் செய்தவர் எல்லோரும் வாடிக்கையாளர் ஆகிவிடுவதில்லை. விளம்பரமே இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

இதை இணைய வணிக நிறுவனமான ஈபே 2012இல் சோதித்துப் பார்த்தது. அப்போது இந்த ஏ.ஐ. அலை இல்லை, ஆனாலும் பாடம் இன்றைக்கும் பொருந்தும். தேடுபொறியில் தன் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிய விளம்பரங்களை அது நிறுத்தியது. குறைந்திருக்க வேண்டிய வருகையில் 99.5 சதவீதம், காசு கொடுக்காமலே கிடைக்கும் தேடல் முடிவுகள் வழியாக வந்து சேர்ந்தது. கம்பெனியைத் தெரிந்தவர்களுக்கே காசு செலவழித்து விளம்பரம் காட்டியிருக்கிறார்கள்! இந்த ஆய்வின் மற்றொரு பகுதியில், ஈபேயில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் மட்டும் விளம்பரம் ஓரளவு வேலை செய்தது தெரிந்தது.

இன்று கூகுளும் மெட்டாவும் யாருக்கு, எப்போது, எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்பதை ஏ.ஐ.யிடம் விடச் சொல்கின்றன. விளம்பர இடத்தை விற்பவரே அதன் பலனையும் அளந்து சொல்கிறார். அந்த அறிக்கையை மட்டும் நம்பிப் பணம் போடுவது ஆபத்து.

சரக்கு சரியில்லாத இடத்தில் ஏ.ஐ. கெடுதலையே கூட்டும். 2024 பிப்ரவரியில் கிளாஸ்கோ நகரில் ஒரு சாக்லேட் கண்காட்சிக்கு ஏ.ஐ. வரைந்த மாயலோகப் படங்களைக் காட்டி 35 பவுண்டு வரை டிக்கெட் விற்றார்கள். போய்ப் பார்த்தால் ஏறக்குறைய வெறும் கிடங்கு. குழந்தைகள் அழுதார்கள், போலீஸ் வந்தது, அன்றைக்கே இழுத்து மூடினார்கள்.

ஏ.ஐ. விளம்பரத்துக்குப் பணம் கட்டும் வியாபாரிகள் ஒன்று செய்யலாம். ஓர் ஊரில் மட்டும் சில வாரம் விளம்பரத்தை நிறுத்துங்கள். அதே மாதிரியான இன்னோர் ஊரில் ஓடட்டும். பிறகு இரண்டு ஊர்க் கல்லாவையும் எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள். தெரியாவிட்டால் அந்தப் பணத்தைச் சரக்கில் போடுங்கள்.