அன்னமிட்டால் போதுமா?

1867-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி இராமலிங்க அடிகள் வடலூரில் தருமச்சாலையை ஸ்தாபித்தார். நிலம் ஈந்தவர்கள் பார்வதிபுரத்துக் குடிகள். அன்று மூண்ட அடுப்பு இன்றளவும் அணையவில்லை. ஜாதி மத பேதமின்றி யாவருக்கும் அன்னம் கிடைக்கிறது.

ஆயின், உண்டெழுந்த ஏழை இரவில் எங்கே தலை சாய்ப்பான் என்று நாம் கேட்கிறோம். வழிப்போக்கருக்குத் திண்ணை கட்டி வைத்த நாடன்றோ இது! பெரிய நகரங்களில் லக்ஷம் ஜனங்களுக்கு ஒன்று வீதம், இரவும் பகலும் திறந்திருக்கும் தங்குமிடங்கள் வேண்டுமெனச் சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் உத்தரவிட்டது. ஏட்டில் கிடக்கும் உத்தரவு மழைக்குக் கூரையாகாது. ஊழியர்களே! உங்கள் நகரத்து விடுதியை இன்றிரவே சென்று பாருங்கள். கதவு அடைத்திருந்தால் நகரசபையில் காரணம் கேளுங்கள். அன்னமிடுவது தர்மம், உரிமையைப் பெற்றுத் தருவதும் தர்மமே.