கட்டட வேலை தாமதமானால் தேதிகளைத் திருத்துவது எப்படி?

தீபாவளிக்கு முன் புதிய கிடங்கைக் கட்டி முடித்துவிடலாம் என்று எண்ணி, நாம் சரக்குக்கும் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். வேலை பின்தங்கினாலும் பழைய அட்டவணையையே நம்பியிருக்கிறோம். லாரி வந்து நிற்கும்போதுதான் சரக்கு இறக்க இடமில்லை என்பது தெரிகிறது.

ஆகவே வாரம் ஒருமுறை அட்டவணையைத் திருத்துவோம். முடிந்த வேலைக்கு, உண்மையில் முடிந்த தேதியை எழுதுவோம். முடியாத வேலைக்குக் கடந்துபோன தேதி இருக்கக்கூடாது. பாக்கி எத்தனை நாள் என்று மேஸ்திரியிடம் கேட்டு, இன்றிலிருந்து எண்ணுவோம்.

உதாரணமாக, ஜூலை 25-இல் முடிய வேண்டிய கூரை வேலையில் ஆகஸ்ட் 1 காலையில் 5 நாள் வேலை பாக்கி என்றால், புதிய தேதி ஆகஸ்ட் 5. தாமதம் 11 நாள். இடையில் உபரி நாள் இல்லையென்றால், அடுத்து வரும் பூச்சு வேலையும் தரை வேலையும் அவ்வளவே தள்ளிப்போகும். பட்டறையில் தயாராகும் ஷட்டரின் தேதி மாறாது.

இழந்த நாட்களை ஈடுகட்ட, கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் நாட்களைக் குறைக்கலாகாது. கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் என்பது 2000-இல் வெளியான ஐ.எஸ். 456 தர விதி.

பழைய அட்டவணையையும் பத்திரமாக வைப்போம். தாமதம் எங்கே என்று காட்டுவது அதுவே. திருத்திய தேதியை மொத்த வியாபாரியிடம் அன்றே சொல்லிவிட்டால், சரக்கு வரும் நாளையும் பேசி மாற்றிக்கொள்ளலாம்.