கேட்காமலே துடிக்கும் லேசர்

இழை லேசரை இயக்கிப் பார்ப்பவர் ஆஸிலோஸ்கோப் திரையில் ஒரு நேர்கோட்டைத்தான் எதிர்பார்ப்பார். லேசருக்கு ஒளியால் ஆற்றல் ஊட்டும் பம்ப் டையோடுக்குச் செல்லும் மின்னோட்டம் சீரானது என்றால், வெளிவரும் ஒளியும் சீராகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் லேசர் அப்போதுதான் எரியத் தொடங்கும் நிலையில், பல சமயம் திரையில் கூர்கூராகத் துடிப்புகள் எழுகின்றன. யாரும் ஒளியை விட்டுவிட்டு அனுப்பவில்லை. லேசர் தானாகவே துடிக்கிறது. இதைத் தன்துடிப்பு என்கிறோம்.

தலைமுடி போன்ற கண்ணாடி இழையின் நடுவில் எர்பியம், இட்டெர்பியம், துலியம் போன்ற அருமண் தனிமம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் அது லேசர் ஊடகம் ஆகிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனத்தில் எலியாஸ் ஸ்நிட்சர் நியோடிமியக் கண்ணாடி இழையில் இதைச் செய்து காட்டினார். 1980களின் நடுவில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினர் ஒளி இழப்பு குறைந்த அருமண் இழைகளை உருவாக்கிய பிறகே துறை வேகம் பிடித்தது.

இந்த அயனிகளுக்கு இரண்டு முகங்கள் உண்டு. 980 நானோமீட்டர் பம்ப் ஒளி எர்பியத்தைக் கிளர்வு நிலைக்கு ஏற்றினால், அது 1,550 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைப் பெருக்கித் தரும். பம்ப் ஒளி எட்டாத எர்பியமோ அதே 1,550 ஒளியை விழுங்கும். இழையின் ஒரு முனையிலிருந்து மட்டும் பம்ப் செய்தால், மறுமுனையை அடைவதற்குள் பம்ப் ஒளி தீர்ந்துவிடலாம். அப்போது ஒரே இழையில் முன்பாதி ஒளியைக் கொடுக்கும், பின்பாதி தின்னும். தின்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஒளி மிகுந்தால் அந்த அயனிகளும் கிளர்வு நிலைக்கு ஏறிவிடும். அதற்கு மேல் அவற்றால் விழுங்க முடியாது, கண்ணாடி தெளிந்துவிடும். இதுதான் தெவிட்டும் உட்கவர்தல். ஒளி பெருகினால் தானே திறந்து, வடிந்தால் தானே மூடிக்கொள்ளும் மதகு அது. திறந்த கணத்தில், முன்பாதியில் சேர்ந்திருந்த ஆற்றல் மொத்தமும் ஒரே பாய்ச்சலாக வெளியேறும். எர்பியம் கிளர்வு நிலையில் ஏறத்தாழ 10 மில்லி நொடி தங்கக்கூடியது. 10 மீட்டர் இழையில் ஒளி ஒருமுறை போய்வர ஆகும் நேரமோ ஒரு மைக்ரோ நொடியில் பத்தில் ஒரு பங்குதான். சேமிப்பு மெதுவாகவும் செலவு மின்னலாகவும் இருப்பதால்தான் துடிப்பு இவ்வளவு கூர்மையாகிறது.

எர்பியத்தை அளவுக்கு மீறிக் கலந்தால் இன்னொரு சிக்கல் வருகிறது. தூய சிலிக்கா கண்ணாடியில் எர்பியம் எளிதில் கரைவதில்லை. அயனிகள் அக்கம்பக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. அடுத்தடுத்து நிற்கும் இரண்டும் கிளர்ந்திருந்தால், ஒன்று தன் ஆற்றலை மற்றதிடம் கொடுத்துவிட்டுக் கீழே விழும். வாங்கியது இன்னும் மேலே ஏறி, அதிகமாகப் பெற்றதை வெப்பமாக இழந்து பழைய நிலைக்கே திரும்பும். எவ்வளவு பம்ப் செய்தாலும் ஜோடியில் ஒன்று வெறுங்கையோடு, ஒளியை விழுங்கத் தயாராக நிற்கும். இத்தகைய ஜோடிகள் பெருகினால் எர்பியம் லேசர் தன்துடிப்பில் இறங்குவதை 1990களின் தொடக்கத்தில் பிரான்சின் லானியன் நகர ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கண்ணாடியில் அலுமினியம் சேர்த்தால் அயனிகள் விலகி நிற்கும். லேசரின் குணத்தைப் பாதி தீர்மானிப்பது ஒளியியல் மேசை அல்ல, இழை உருவாகும் உலைதான் என்பது என் எண்ணம்.

உயர்திறன் இட்டெர்பியம் லேசரில் தன்துடிப்பு உபகரணத்தையே அழிக்கும் ஆபத்து. சராசரியாக 10 வாட் தரும் லேசர், நொடிக்கு 50,000 முறை, ஒவ்வொன்றும் 100 நானோ நொடி நீளத்தில் துடிப்பதாகக் கொள்வோம். துடிப்பின் உச்சம் 2,000 வாட் ஆகிவிடும். 10 மைக்ரான் விட்டமுள்ள உள்ளகத்தில் அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 250 கோடி வாட். இழைக்குள் ஒளியைப் பின்னோக்கித் திருப்பும் பிரில்லூயன் சிதறலும் சேர்ந்துகொண்டால் துடிப்பு இன்னும் குறுகி, உச்சம் இன்னும் ஏறி, இழை முனை கருகும். துடிப்பு பின்னோக்கிப் பாய்ந்தால் பம்ப் டையோடும் போகும். பவர் மீட்டர் சராசரியை மட்டுமே காட்டுவதால் கடைசிவரை 10 வாட் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வேகமான ஃபோட்டோடையோடு ஒன்று இல்லாமல் இந்த லேசர்களை நம்பி இயக்கக் கூடாது.

இரு முனையிலிருந்தும் பம்ப் செய்வது, அருமண் கலந்த இழையின் நீளத்தை அளவோடு வைப்பது, ஒளி ஒரே திசையில் சுற்றும் வளைய அமைப்பு, அருமண் கலக்காத நீண்ட இழையை இணைத்து ஒளியின் சுற்றுநேரத்தைக் கூட்டுவது ஆகியவை தன்துடிப்பை அடக்கக் கைகண்ட வழிகள்.

அதே தெவிட்டலை விரும்பிச் சேர்ப்பவர்களும் உண்டு. ஒளியைத் திருப்பும், குறைக்கடத்தியாலான தெவிட்டும் ஆடிகளை 1990களில் உர்சுலா கெல்லர் உருவாக்கினார். பிக்கோ நொடி, ஃபெம்டோ நொடித் துடிப்புகளைத் தரும் லேசர்கள் பலவற்றில் இன்று அவை இருக்கின்றன. பம்ப் செய்யாத எர்பியம் இழைத் துண்டு ஒன்றை லேசருக்குள் வேண்டுமென்றே வைப்பதும் உண்டு. எதிரெதிரே செல்லும் ஒளியலைகள் அதில் மெல்லிய கோடுகளாகத் தெவிட்டலைப் பதித்து, ஒரே ஒரு அதிர்வெண்ணை மட்டும் விடும் வடிகட்டியாக அதை மாற்றிவிடுகின்றன. லேசரின் அதிர்வெண் மெல்ல நகர்ந்தால், அந்தக் கோடுகளும் அழிந்து புதிதாகப் பதிந்து கூடவே நகர்கின்றன.